மவுண்ட் வெர்னன் மாளிகை: பாதுகாப்பும் நிதி திரட்டும் விருந்தும்

மவுண்ட் வெர்னன் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஒரு பெருந்தோட்ட மாளிகை ஆகும். தலைநகர் வாஷிங்டனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில் இது உள்ளது. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் (1732–1799) வாழ்ந்ததும் மறைந்ததும் இங்கேதான். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிந்துவிழும் நிலைக்கு வந்த இம்மாளிகையைப் பெண்கள் அமைத்த ஒரு சங்கம் பொதுமக்களிடம் நிதி திரட்டி விலைக்கு வாங்கியது. அச்சங்கமே இன்றும் இதன் உரிமையாளர். அரசு மானியத்தை நம்பாமல் நுழைவுக் கட்டணம், விற்பனை வருவாய், நன்கொடை ஆகியவற்றைக் கொண்டே இது பராமரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடங்களைப் பொதுமக்களின் பணத்தால் காக்கும் வழக்கத்துக்கு முன்மாதிரியாக இம்மாளிகை கருதப்படுகிறது.

பெருந்தோட்டம்: சொல் விளக்கம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ‘பெருந்தோட்டம்’ அல்லது ‘எஸ்டேட்’ என்றவுடன் தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களே நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இச்சொல் புகையிலை, நெல், கரும்பு, பருத்தி ஆகிய பணப்பயிர்களைப் பெரிய அளவில் விளைவித்த நிலத்தைக் குறிக்கும். இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கங்காணிகள் வழியாகக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களைக் கடனும் வறுமையும் கட்டிப்போட்டிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் பிறருடைய சொத்து அல்லர். அமெரிக்கப் பெருந்தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியினரும் சட்டப்படியே உரிமையாளரின் சொத்தாக இருந்தார்கள். அவர்களை விற்கவும், வாடகைக்கு விடவும், உயில் எழுதிக் கொடுக்கவும் முடிந்தது. அத்தகைய தோட்டத்தின் நடுவில் உரிமையாளர் குடும்பம் வாழ்ந்த பெரிய வீடே தோட்ட மாளிகை எனப்படுகிறது.

மாளிகையின் வரலாறு

இந்நிலம் 1674 இல் ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தாவான ஜான் வாஷிங்டனுக்கும் அவருடைய பங்காளி ஒருவருக்கும் வழங்கப்பட்டது. 1730களில் ஜார்ஜின் தந்தை அகஸ்டின் இங்கே ஒரு வீடு கட்டினார். அதன் பின் ஜார்ஜின் மாற்றாந்தாய் வழி அண்ணன் லாரன்ஸ் உரிமையாளர் ஆனார். தாம் கீழ்ப்பணியாற்றிய ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனின் பெயரை இவர் தோட்டத்துக்குச் சூட்டினார்.

லாரன்ஸ் 1752 இல் காலமானார். 1754 இல் ஜார்ஜ் இத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். லாரன்ஸின் மனைவி மறைந்த பின் 1761 இல் இது அவருக்கே உரிமையானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அக்கம்பக்க நிலங்களையும் வாங்கித் தோட்டத்தை ஏறத்தாழ 8,000 ஏக்கராக விரிவாக்கினார். மண்ணை விரைவில் மலடாக்கும் புகையிலையை 1760களில் கைவிட்டு கோதுமைக்கு மாறினார். தோட்டம் ஐந்து பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டு நிர்வகிக்கப்பட்டது. மாவு ஆலை, மீன்பிடி தளம், கொல்லுப்பட்டறை ஆகியவை இயங்கின. 1797 இல் ஒரு சாராய வடிசாலையும் தொடங்கப்பட்டது.

கட்டட அமைப்பு

தந்தை கட்டிய ஒன்றரை மாடி வீட்டை ஜார்ஜ் 1758 ஆம் ஆண்டளவில் இரண்டரை மாடியாக உயர்த்தினார். 1774 முதல் இருபுறமும் அறைகளைச் சேர்த்து நீட்டினார். ஆற்றை நோக்கி எட்டுச் சதுரத் தூண்கள் தாங்கும் நீண்ட முகப்புத் தாழ்வாரம் ஒன்று அமைக்கப்பட்டது. கூரையின் உச்சியில் சிறிய கூண்டு போன்ற மாடம் உள்ளது. அதன் மேல் புறா வடிவிலான காற்றுத் திசைகாட்டி நிற்கிறது.

தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கல்லால் கட்டிய வீடு போலத் தோன்றும். உண்மையில் இது மர வீடு. பைன் மரப் பலகைகளின் ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கி, வண்ணம் பூசி, ஈரம் காயும் முன் மணலைத் தூவிக் கல் போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். பராமரிப்புச் செலவு அதிகமாவதற்கு இதுவே முதல் காரணம். மரத்துக்குக் கறையான், ஈரம், தீ ஆகிய மூன்றும் பகை. ஆற்றங்கரைக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும்.

சமையற்கூடம் மாளிகைக்குள் இல்லை. தீ விபத்துக்கும் வெப்பத்துக்கும் அஞ்சி அதைத் தனிக் கட்டடமாக அமைத்து, கூரை வேய்ந்த நடைபாதையால் மாளிகையோடு இணைத்திருந்தார்கள். வடக்குப் பக்கத்தில் ‘புதிய அறை’ என அழைக்கப்படும் பெரிய கூடம் உள்ளது. விருந்தினர் மிகுந்த நாள்களில் அங்கே மேசை போடப்பட்டது.

அடிமைகளாக்கப்பட்டோர்

1799 இல் வாஷிங்டன் எழுதிவைத்த பட்டியலின்படி மவுண்ட் வெர்னனில் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். இவர்கள் அனைவரும் வாஷிங்டனுக்கு உரிமையானவர்கள் அல்லர். 123 பேர் மட்டுமே அவருடையவர்கள். 153 பேர் அவருடைய மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் விட்டுச் சென்ற சொத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியவர்கள் பிறரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவர்கள்.

இந்தப் பிரிவினை பல குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானித்தது. தமக்கு உரிமையானவர்களை மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுவிக்கும்படி வாஷிங்டன் உயில் எழுதினார். மார்த்தா அதற்கு முன்பே, 1801 ஜனவரி 1 அன்று அவர்களை விடுவித்தார். ஆனால் கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர்களை விடுவிக்கச் சட்டத்தில் இருவருக்கும் உரிமை இல்லை. 1802 இல் மார்த்தா மறைந்ததும் அவர்கள் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் பங்கு பிரிக்கப்பட்டார்கள். இரு தரப்பினரும் ஒரே தோட்டத்தில் வாழ்ந்து ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். எனவே விடுதலை பெற்ற கணவன், அடிமையாகவே தொடர்ந்த மனைவி மக்களைப் பிரிய நேர்ந்தது.

வாஷிங்டனுக்குப் பின் மாளிகையைப் பெற்ற அவருடைய சகோதரர் மகன் புஷ்ராட் வாஷிங்டன் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவார். அவர் 1821 இல் 54 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார். மவுண்ட் வெர்னனில் அடிமை முறை வாஷிங்டனோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

விருந்து மேசையும் சமையற்கூடமும்

வாஷிங்டன் காலத்தில் இம்மாளிகைக்கு விருந்தினர் வராத நாள் அரிது. பிற்பகல் மூன்று மணிக்கு முதன்மை உணவு பரிமாறப்பட்டது. 1798 ஆம் ஆண்டில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட விருந்தினர் வந்துள்ளனர். பொதுவாழ்விலிருந்து ஓய்வுபெற்ற பின் தானும் மனைவியும் மட்டும் தனியே உண்டது இதுவே முதல் முறையாக இருக்கும் என்று 1785 ஜூன் மாத நாட்குறிப்பொன்றில் வாஷிங்டன் குறித்துள்ளார்.

இந்த விருந்தோம்பலின் சுமை சமையற்கூடத்தில் இருந்தவர்கள் மீது விழுந்தது. அவர்கள் விடியும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டினார்கள். 1799 பட்டியலில் லூசி, நேதன் ஆகியோர் சமையலர்களாகக் குறிக்கப்பட்டுள்ளனர். லூசியின் தாய் டால் அதற்கு முன் நெடுங்காலம் தலைமைச் சமையலராக இருந்தவர். மேசைக்குப் பன்றித் தொடையும் மீனும் பழப் பாகும் சென்றன. சமைத்தவர்களுக்கும் வயலில் உழைத்தவர்களுக்கும் படியாக அளக்கப்பட்டவை பெரும்பாலும் சோள மாவும் உப்பிட்ட மீனுமே. அடிமைக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் நடந்த அகழாய்வில் விலங்கு, பறவை, மீன் எலும்புகள் கிடைத்துள்ளன. அவர்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் கோழி வளர்த்தும் படியின் குறையை ஈடுசெய்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன.

உணவோடு தொடர்புடைய இருவர் தப்பிச் சென்ற நிகழ்ச்சிகள் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன.

ஓனா ஜட்ஜ் மார்த்தாவின் பணிப்பெண். குடியரசுத் தலைவரின் இல்லம் பிலடெல்பியாவில் இருந்த காலத்தில் அவரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டார். ஆறு மாதம் தொடர்ந்து தங்கும் அடிமைகள் விடுதலை கோரலாம் என்று பென்சில்வேனியா சட்டம் சொன்னது. அதைத் தவிர்க்க வாஷிங்டன் தம் அடிமைகளைக் காலக்கெடு முடியும் முன் மாநிலத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துவந்தார். மார்த்தா தம்மைப் பேத்திக்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்போகிறார் என்பதை ஓனா அறிந்தார். 1796 மே 21 அன்று, குடும்பத்தினர் உணவு மேசையில் இருந்தபோது வீட்டை விட்டு வெளியேறினார். நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்து 1848 இல் இறந்தார். சட்டப்படி அவர் இறுதிவரை தப்பியோடிய அடிமையாகவே இருந்தார்.

ஹெர்குலிஸ் போசி பிலடெல்பியா இல்லத்தின் புகழ்பெற்ற சமையலர். பின்னர் மவுண்ட் வெர்னனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மண் வேலை போன்ற கடின உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டார். 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் 65 ஆவது பிறந்தநாளில் அவர் தப்பிச் சென்றார். அவர் 1812 இல் நியூயார்க் நகரில் இறந்தார் என்ற செய்தி 2019 இல்தான் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது.

சிதைவும் வேண்டுகோளும்

19 ஆம் நூற்றாண்டின் நடுவில் மாளிகை ஜான் அகஸ்டின் வாஷிங்டன் என்பவரிடம் இருந்தது. விளைச்சல் குறைந்தது. நாள்தோறும் வரும் பார்வையாளர்களால் செலவும் சேதமும் மிகுந்தன. முகப்புத் தாழ்வாரத்தின் கூரை சரிந்துவிடாமல் இருக்கக் கப்பல் பாய்மரக் கம்பங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மாளிகையை வாங்கிக்கொள்ளும்படி நடுவண் அரசையும் வர்ஜீனியா மாநில அரசையும் உரிமையாளர் அணுகினார். இரு அரசுகளும் வாங்க முன்வரவில்லை.

1853 இல் லூயிசா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி பொட்டோமாக் ஆற்றில் நீராவிப் படகில் சென்றபோது நிலவொளியில் இம்மாளிகையின் நிலையைக் கண்டார். தென் கரோலினாவில் இருந்த தம் மகள் ஆன் பமேலா கன்னிங்ஹாமுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஆண்கள் இதைக் காக்காவிட்டால் பெண்கள் ஏன் முயலக்கூடாது என்பதே அக்கடிதத்தின் சாரம். ஆன் பமேலா இளம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, பெரும்பாலும் படுக்கையில் இருந்தவர். அவர் தென்மாநிலப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார். அது ‘சார்ல்ஸ்டன் மெர்க்குரி’ நாளிதழில் 1853 டிசம்பர் 2 அன்று புனைபெயரில் வெளியானது. அக்காலத்தில் மரியாதைக்குரிய பெண்ணின் பெயர் செய்தித்தாளில் வருவது தகாது என்று கருதப்பட்டது.

இவ்வாறு உருவானதே மவுண்ட் வெர்னன் மாதர் சங்கம். முதலில் தென்மாநிலப் பெண்களை மட்டும் அழைத்த இயக்கம், பின்னர் வடமாநிலங்களையும் சேர்த்துக்கொண்டது. அடிமை முறை தொடர்பாக நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த வேளையில், இரு தரப்பும் மதித்த ஒருவரின் வீடு அவர்களை இணைக்கும் என்று சங்கத்தினர் நம்பினார்கள். ஆன் பமேலாவும் அடிமைகளை வைத்திருந்த தோட்டக் குடும்பத்தில் பிறந்தவரே. அந்த இல்லத்தில் வாழ்ந்த அடிமைகளைப் பற்றி அன்றைய வேண்டுகோள் பேசவில்லை.

இரண்டு இலட்சம் டாலர்

மாளிகையும் அதைச் சூழ்ந்த ஏறத்தாழ 200 ஏக்கர் நிலமும் 2 இலட்சம் டாலர் என விலை பேசப்பட்டது. அன்று இது மிகப் பெரிய தொகை. பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. திருமணமான பெண்கள் சொத்து வைத்திருப்பதற்கே பல மாநிலங்களில் தடைகள் இருந்தன.

சங்கத்தின் நிதி திரட்டும் முறை மூன்று வகைப்பட்டது.

முதலாவது, கிளை அமைப்பு. தலைவருக்குக் கீழே மாநிலத்துக்கு ஒரு துணைத் தலைவரும், அவருக்குக் கீழே மாவட்டம், ஊர் அளவில் பொறுப்பாளர்களும் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் வீடு வீடாகச் சிறு தொகைகளைத் திரட்டினார்கள்.

இரண்டாவது, சொற்பொழிவு. மாசசூசெட்ஸைச் சேர்ந்த அரசியல்வாதியும் சிறந்த பேச்சாளருமான எட்வர்ட் எவரெட், வாஷிங்டனின் பண்புகள் குறித்த சொற்பொழிவை நாடெங்கும் நூறு தடவைக்கு மேல் நிகழ்த்தினார். அதில் கிடைத்த ஏறத்தாழ 69,000 டாலரையும் சங்கத்துக்கே வழங்கினார். மொத்த விலையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1863 இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் தம் புகழ்பெற்ற சிற்றுரையை ஆற்றுவதற்கு முன் இரண்டு மணி நேரம் பேசியவரும் இந்த எவரெட்தான்.

மூன்றாவது, எழுத்து. ‘நியூயார்க் லெட்ஜர்’ இதழ் எவரெட்டிடம் ஓராண்டுக்கு வாரக் கட்டுரைகளைப் பெற்றது. அதற்கான 10,000 டாலர் நிதிக்குச் சென்றது.

1858 ஏப்ரல் 6 அன்று விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1860 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளில் சங்கம் மாளிகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. மாளிகை இரு படைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் சிக்கியது. சங்கத்தின் செயலாளர் சாரா டிரேசி, மேற்பார்வையாளர் அப்டன் ஹெர்பர்ட் இருவரும் அங்கேயே தங்கிக் காவல் காத்தார்கள். பார்க்க வந்த வீரர்கள் ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டது. வீட்டை விற்ற ஜான் அகஸ்டின் வாஷிங்டன் தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்து 1861 இல் கொல்லப்பட்டார். மாளிகை சேதமின்றித் தப்பியது.

1961 அரசு விருந்து

1961 ஜூலை 11 அன்று குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி, பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் அயூப் கானுக்கு மவுண்ட் வெர்னனில் அரசு விருந்து அளித்தார். வெள்ளை மாளிகைக்கு வெளியே நடந்த முதல் அரசு விருந்து என இது குறிப்பிடப்படுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட விருந்தினர் தலைநகரிலிருந்து படகுகளில் வந்தார்கள். இது நிதி திரட்டும் விருந்து அன்று. ஆயினும் வரலாற்று மாளிகையில் விருந்து நடத்துவதில் உள்ள நடைமுறைச் சிக்கல்களை இது தெளிவாகக் காட்டியது. பழைய வீட்டில் அத்தனை பேரை அமர்த்த இடமில்லை. நவீனச் சமையலறையும் இல்லை. எனவே புல்வெளியில் பந்தல் அமைக்கப்பட்டது. உணவு வெள்ளை மாளிகையில் தயாராகி வாகனங்களில் கொண்டுவரப்பட்டது. மாளிகை பின்னணியாக மட்டும் நின்றது. இன்றும் பல மாளிகைகள் ஏறக்குறைய இதே முறையையே பின்பற்றுகின்றன.

நிதி திரட்டும் விருந்து: நடைமுறை

எவரெட் காலத்தில் சொற்பொழிவு செய்த வேலையை இன்று பல மரபுக் கட்டடங்களில் இரவு விருந்து செய்கிறது. இதன் அமைப்பைப் பின்வருமாறு விளக்கலாம்.

நுழைவுச் சீட்டு: சீட்டின் விலை உணவின் மதிப்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். கூடுதல் தொகையே நன்கொடை. அமெரிக்க வரிச் சட்டத்தில் முழுச் சீட்டுத் தொகைக்கும் வரிக்கழிவு கிடையாது. பெற்ற உணவு, பொழுதுபோக்கு ஆகியவற்றின் மதிப்பைக் கழித்த பின் எஞ்சும் தொகைக்கு மட்டுமே உண்டு. எடுத்துக்காட்டாக, 500 டாலர் சீட்டில் விருந்தின் மதிப்பு 150 டாலர் என்றால், 350 டாலரே நன்கொடையாகக் கொள்ளப்படும். 75 டாலருக்கு மேற்பட்ட இத்தகைய தொகைகளுக்கு இந்தக் கணக்கை நிறுவனமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மேசைப் புரவலர்: ஒரு நிறுவனமோ குடும்பமோ ஒரு மேசை முழுவதற்கும் பணம் செலுத்தும். விருந்துச் செலவின் பெரும்பகுதி இதிலேயே ஈடாகிவிடும்.

ஏலம்: அன்பளிப்பாக வந்த ஓவியம், பயணச் சீட்டு போன்றவை ஏலம் விடப்படும். சில விருந்துகளில் பொருளே இல்லாமல், ‘ஒரு சன்னலைச் சீரமைக்க இவ்வளவு’ என்று அறிவித்துக் கையுயர்த்தச் சொல்வதும் உண்டு.

தொடர்பு: ஓரிரவில் கிடைக்கும் பணத்தைவிட, அதில் அறிமுகமாகும் கொடையாளர் பின்னாளில் தரும் பெருந்தொகையையே நிறுவனங்கள் முக்கியமாகக் கருதுகின்றன.

விருந்தின் பெரிய குறை அதன் செலவு. பந்தல், சமையல், இசை, காவல், காப்பீடு ஆகியவை வருவாயில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். மொத்த வசூலை மட்டும் பார்த்து ஒரு விருந்தின் வெற்றியை மதிப்பிட முடியாது. செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பதே சரியான அளவுகோல்.

திரட்டும் நிதியிலும் வகைகள் உண்டு. குறிப்பிட்ட பணிக்கென்று தரப்பட்ட நிதியை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. கொடையாளர்கள் ஓவியம் தீட்டிய கூடத்துக்கோ தோட்டத்துக்கோ விரும்பித் தருவார்கள். வடிகால், கூரை ஒழுகல், கறையான் ஒழிப்பு ஆகியவற்றுக்குத் தருபவர் குறைவு. கட்டடத்தைக் காப்பவை இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைகளே. நிபந்தனையற்ற பொது நிதியைத் திரட்ட விருந்து பயன்படுவதால்தான் நிறுவனங்கள் அதை விடாமல் நடத்துகின்றன.

மாளிகையைக் காக்கும் கட்டுப்பாடுகள்

பாதுகாப்புக்காக நடத்தும் விருந்தே மாளிகைக்குக் கேடாக அமைந்துவிடக் கூடாது. எனவே இத்தகைய இடங்களில் பொதுவாகச் சில விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றன. பழைய அறைகளுக்குள் உணவும் பானமும் அனுமதிக்கப்படுவதில்லை. மெழுகுவர்த்தி உள்ளிட்ட திறந்த தீக்கு இடமில்லை. மரத் தளம் தாங்கும் எடையைக் கணக்கிட்டு ஒரே நேரத்தில் சிலரை மட்டுமே உள்ளே அனுப்புவார்கள். கூட்டமாக மக்கள் மூச்சு விடும்போது அறையின் ஈரப்பதம் உயர்வதால் சுவர்த்தாளும் மரச்சாமான்களும் பாதிக்கப்படும். பந்தலின் முளைகளை அடிக்கும் முன், மண்ணுக்கு அடியில் தொல்பொருள்களோ கல்லறைகளோ உள்ளனவா என்று பார்ப்பதும் முக்கியம். அடிமைகளின் கல்லறைகள் பெரும்பாலும் பெயர்க்கல் இல்லாதவை.

தீயின் அச்சம் வெறும் கற்பனை அன்று. லூசியானாவில் 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மிகப் பெரிய தோட்ட மாளிகைகளுள் ஒன்றான நாட்டவே, 2025 மே மாதத்தில் தீயில் எரிந்து அழிந்தது. விடுதியாகவும் திருமண மண்டபமாகவும் அது பயன்பட்டு வந்தது. சிலர் கட்டடக் கலையின் இழப்பை எண்ணி வருந்தினார்கள். அடிமைகளின் சந்ததியினர் பலர் அதற்காக வருந்த மறுத்தார்கள். ஒரே கட்டடம் இரு தரப்பினருக்கும் எவ்வளவு வேறுபட்ட பொருளைத் தருகிறது என்பதை இது வெளிப்படுத்தியது.

விவாதங்கள்

தோட்ட மாளிகையில் இசையோடும் மதுவோடும் விருந்து நடத்தலாமா என்ற கேள்வி அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது. மனிதர்கள் விற்கப்பட்ட இடத்தை அழகிய பின்னணியாக மட்டும் பயன்படுத்துவது அவர்களுடைய துன்பத்தை மறைப்பதாகும் என்பது ஒரு தரப்பு. குடியுரிமை அமைப்பு ஒன்றின் வலியுறுத்தலால், தோட்ட மாளிகைத் திருமணங்களைப் பரப்புவதைக் குறைத்துக்கொள்வதாகப் பின்டரெஸ்ட் உள்ளிட்ட இணைய நிறுவனங்கள் 2019 டிசம்பரில் அறிவித்தன.

நிதி இல்லையேல் கட்டடம் மட்டுமன்றி அடிமைக் குடியிருப்பு, கல்லறை, ஆவணம் ஆகியவையும் அழியும் என்பது மறு தரப்பு. அவை அழிந்தால் அங்கே நடந்ததற்கான சான்றே இல்லாமல் போகும்.

இரு தரப்பையும் இணைத்துப் பார்க்கும் நிறுவனங்கள், விருந்துக்கு முன் அடிமைக் குடியிருப்புகளைச் சுற்றிக் காட்டுவது, சந்ததியினரை அழைத்துப் பேசச் செய்வது, திரட்டும் நிதியில் ஒரு பகுதியை அவர்களுடைய வரலாற்று ஆய்வுக்கு ஒதுக்குவது போன்ற வழிகளைத் தேர்ந்துள்ளன. முடிவெடுக்கும் இடத்தில் சந்ததியினருக்கும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்துள்ளது. ஜேம்ஸ் மாடிசனின் இல்லமான மான்ட்பெலியரில் நிர்வாகக் குழுவில் சந்ததியினருக்குச் சம பங்கு தருவது குறித்து 2022 இல் கடும் பூசல் எழுந்து, இறுதியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

மவுண்ட் வெர்னனில் அடிமைகளின் கல்லறைப் பகுதியில் 1929 இல் மாதர் சங்கம் ஒரு நினைவுக்கல் வைத்தது. ஆனால் அது நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பின்னர் ஹோவர்ட் பல்கலைக்கழகக் கட்டடக் கலை மாணவர்கள் வடிவமைத்த நினைவிடம் 1983 இல் திறக்கப்பட்டது. 2014 முதல் தொல்லியலாளர்கள் அங்கே கல்லறைகளின் இருப்பிடங்களைக் கண்டறிந்து வருகிறார்கள். எலும்புகளைத் தோண்டி எடுக்காமல், மேல்மண்ணை மட்டும் நீக்கிக் குழியின் எல்லையைக் குறித்துக்கொள்வதே அவர்களுடைய முறை.

பிற மாளிகைகள்

ஒவ்வொரு மாளிகையும் நிதிக்கும் பாதுகாப்புக்கும் தனி வழியைக் கண்டுள்ளது.

மான்டிசெல்லோ: தாமஸ் ஜெஃபர்சனின் இல்லம். 1923 இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை இதை 5 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அடிமைகளின் சந்ததியினரிடம் வாய்மொழி வரலாறு தொகுக்கும் பணி இங்கே 1993 இல் தொடங்கியது.

டிரேட்டன் ஹால்: தென் கரோலினாவில் ஆஷ்லி ஆற்றங்கரையில் உள்ளது. ஏழு தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருந்து 1974 இல் பொது உடைமைக்கு வந்தது. பழைய தோற்றத்தை மீட்டுருவாக்காமல், உள்ளது உள்ளவாறே நிலைநிறுத்துவது இதன் கொள்கை. எனவே அறைகள் வெறுமையாகவே உள்ளன.

விட்னி: லூசியானாவில் உள்ள இத்தோட்டம் 2014 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மாளிகையை முன்னிறுத்தாமல் அடிமைகளின் வாழ்வை மட்டுமே மையமாகக் கொண்டுள்ளது.

அண்மைப் பணிகள்

மவுண்ட் வெர்னனில் ஏறத்தாழ 4 கோடி டாலர் மதிப்பிலான சீரமைப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது. மரச்சட்டகத்தையும் அடித்தளத்தையும் வலுப்படுத்துதல், வடிகாலைச் சீர்செய்தல், காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளைப் புதுப்பித்தல் ஆகியவை இதன் முக்கியக் கூறுகள். இப்பணிக்கும் தனியார் நன்கொடையே ஆதாரம்.

பணிக்கு முன்னதாக நிலவறையில் நடந்த அகழாய்வில் 2024 இல் 35 கண்ணாடிக் குப்பிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் 29 உடையாமல் இருந்தன. 18 ஆம் நூற்றாண்டில் பழங்களைக் கெடாமல் வைக்கக் குப்பிகளில் இட்டு அடைத்து, தரைக்கு அடியில் புதைத்துவைத்திருந்தார்கள். செர்ரிப் பழங்கள் காம்போடும் கொட்டையோடும் கிடைத்தன. அவற்றைப் பறித்து, குப்பியில் நிறைத்து, குழிக்குள் பத்திரப்படுத்தியது டால் போன்ற அடிமைச் சமையலர்களின் கைகளாக இருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாஷிங்டனின் மேசைக்கென்று எடுத்துவைக்கப்பட்டு, ஏதோ காரணத்தால் யாரும் உண்ணாமல் விடப்பட்ட அப்பழங்கள் இப்போது அறிவியல் ஆய்வில் உள்ளன.